பெரும்பெட்டிக் காமிராவும் நம்மவர் முதற்படமும்

எம் இல்லத்துக் கூடத்தின் கிழக்குச் சுவரில் ஒரு பழைய புகைப்படம் தொங்குகின்றது. 1941 ஆம் ஆண்டு, பெங்களூர்க் கண்டோன்மெண்டில் அன்றிருந்த ஒரு ஸ்டூடியோவில் எடுக்கப்பெற்றது. இரயில்வேயில் பணியாற்றிய எம் பாட்டனார் தலைப்பாகையும் மூடிய கோட்டும் அணிந்து நாற்காலியில் அமர்ந்திருக்கின்றார். அவருடைய மீசையின் மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். அருகில் எம் பாட்டியார் நிற்கின்றார். அவர்தம் கையிலுள்ள வளையல்கள் ஏழு, அவற்றையும் எண்ணலாம். புடவைக் கரையின் கட்டங்களும் தெளிவாக உள்ளன. முகம் மட்டும் இல்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் பால் சிந்தியதுபோல் ஒரு வெண்மங்கலே உளது. இடுப்பிலிருந்த கைக்குழந்தை, எம் பெரியப்பா, அழுதது. பாட்டியார் அதன் பக்கம் திரும்பினார். திரும்பிய அந்த ஒரு நொடிதான் படம் பதிந்த நொடி.

பாட்டியார் 1952 இல் காலமானார். அப்போது எம் தந்தையாருக்கு வயது ஏழு. வேறு படம் எடுக்கப்படவில்லை. எண்பது வயதை எட்டியுள்ள எம் தந்தையார் தம் தாயின் குரலை நினைவுகூர்வார். சமையற்கட்டில் அவர் பாடிய பாட்டின் மெட்டையும் நினைவுகூர்வார். முகத்தைக் கேட்டால் சுவரைப் பார்ப்பார். ஒரு நொடி அசைந்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்னும் வினா எமக்குச் சிறு வயது முதலே உண்டு. அவ்வினாவின் வழியே சென்று, பெரும்பெட்டிக் காமிரா என்பது யாது, அது நம்மவர் முகங்களை முதன்முதலாக எவ்வாறு பதிந்தது என்று யாம் அறிந்தவற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம். நம் குடியிருப்பில் இதுபோன்ற படம் இல்லாத இல்லம் அரிது என்பதால், இது எம் வீட்டுக் கதை மட்டும் அன்று.

ஒளியால் உருவத்தைப் பதியும் கலையைப் பிரான்சு நாட்டு தாகேர் என்பார் 1839 ஆம் ஆண்டு உலகிற்கு வெளியிட்டார். அவரது முறையில் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் படம் விழும். அதே ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ராபர்ட் கொர்னீலியஸ் என்பார் தம்மையே படம் எடுத்துக்கொண்டார். அக்காலத்துத் தகட்டுக்கு நிமிடக் கணக்கில் ஒளி வேண்டியிருந்தது; உயிருள்ள மனிதன் அவ்வளவு நேரம் கற்சிலைபோல் இருத்தல் வேண்டும். கோபுரமும் மண்டபமும் காமிராவுக்கு ஏற்ற பொருள்களாயின. மனிதன் ஏற்ற பொருள் ஆகவில்லை. நம் நாட்டில் இக்கலை வளர்ந்த வரலாறும் இந்த முறையிலேயே, கல்லில் தொடங்கி முகத்துக்கு வந்தது. அந்தத் தொடக்கத்தில் நம் பெங்களூருக்கு ஒரு பங்கு உண்டு என்பது பலரும் அறியாதது.

லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர் 1822 இல் பிறந்தவர்; பதினேழு வயதில் கும்பினியாரின் சென்னைப் படையில் சேர்ந்தவர். விடுமுறையில் இங்கிலாந்து சென்றபோது ஒளிப்படக் கலையைக் கற்று, 1854 இல் பெங்களூர்க் கண்டோன்மெண்டுக்குத் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரில் அளேபீடு, பேளூர்க் கோயில்களைப் படம் பிடித்தார். அடுத்த ஆண்டு சென்னையில் நடந்த பொருட்காட்சியில் 68 படங்களை வைத்து முதல்தரப் பதக்கம் பெற்றார். அதே 1855 இல் பர்மா மன்னரிடம் சென்ற தூதுக்குழுவுடன் அரசினர் அவரை அனுப்பினர். திரும்பி வந்ததும் அவர் படங்களை அச்சிட அமர்ந்த இடம் நம் பெங்களூரே. 120 படங்கள் கொண்ட தொகுதிகள் 50. அஃதாவது 6,000 படங்கள். பொத்தானை அழுத்தினால் அச்சாகும் காலம் அன்று; ஒவ்வொரு தாளையும் மருந்திட்டு, மறிபடத்தின் கீழ் வைத்து, வெயிலில் காட்டி, நிறம் ஏறக் காத்திருந்து, பன்முறை நீரில் அலசி, உலர்த்துதல் வேண்டும். மேகம் மூடிய நாளில் வேலை நின்றுவிடும். இவ்வூரின் மாலை மழையை அறிந்தவர்கள் அவர் பட்ட பாட்டை எண்ணிப் பார்க்கலாம். 1857 தொடக்கம்வரை அந்த வேலை நடந்தது.

பின்னர் அவர் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பெற்று, 1857 டிசம்பரில் இங்கிருந்து மாட்டுவண்டிகளில் புறப்பட்டுத் தமிழ்நாட்டை நோக்கிச் சென்றார். இன்று நாம் ஒசூர் தாண்டிப் பேருந்தில் விரைந்து கடக்கும் இராயக்கோட்டையை நின்று படம் எடுத்தார். சேலம் மாவட்டம், திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று அவர் வழி நீண்டது. அவர் காமிரா ஓர் அடிக்கும் மேல் அகலமுள்ள தாள்களை ஏற்கும் பெரிய பெட்டி. கண்ணாடிக்கு மாறாக மெழுகு ஏற்றிய தாளையே பெரும்பாலும் மறிபடத்துக்குப் பயன்படுத்தினார். வழிப்பயணத்துக்கு அது உடையாது, முன்கூட்டியே மருந்திட்டு வைத்துக்கொள்ளவும் இயலும். வெறுமையாக விழுந்த வானத்தில் மறிபடத்தின்மேல் வண்ணம் தீட்டி மேகங்களைத் தாமே வரைந்துவிடுவார். காமிரா பொய் சொல்லாது என்பவர்கள் இதனைக் குறித்துக்கொள்க.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த செயல் வியப்புக்குரியது. விமானத்தின் அடியைச் சுற்றி ஓடும் கல்வெட்டினை விடாமல் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். ஆண்டு 1858. இராசராசன் பொறித்த அவ்வெழுத்துகளைச் செருமானிய அறிஞர் ஹூல்ஷ் முறையாகப் படித்து நூலாக வெளியிட்டது 1890களில்தான். படிக்கப்படுமுன்னரே படம் பிடிக்கப்பட்டன அவ்வெழுத்துகள்.

இவ்வளவு எடுத்தவர் படங்களில் மனிதரைத் தேடினால் காண்பது அரிது. மதுரைப் புதுமண்டபமும் திருமலை நாயக்கர் அரண்மனையும் தெப்பக்குளமும் ஆளரவமற்றுக் கிடக்கின்றன. ஊரே காலியாகிவிட்டதோ என்று தோன்றும். ஊர் காலியாகவில்லை, நடந்தவர்கள் பதியவில்லை, அவ்வளவே. நிமிடக் கணக்கில் வில்லை திறந்திருக்கையில், குறுக்கே போன பால்காரனும் பூக்காரியும் பட்டரும் ஒரு புகைக்கோடு கூட ஆகாமல் மறைந்தனர். கல் நின்றது, ஆகவே கல் பதிந்தது. எம் பாட்டியாருக்கு நேர்ந்தது 1858 இல் மதுரை மாநகர் முழுவதற்கும் நேர்ந்திருக்கின்றது என்று அறிந்தபோது எமக்கு ஒருவகை ஆறுதலே உண்டாயிற்று.

1859 இல் ஆளுநராக வந்த டிரெவெலியன், இஃது ஆடம்பரச் செலவு என்று கருதி அவ்வேலையை நிறுத்திவிட்டார். கணக்குப் பிரிவில் பணியாற்றும் எமக்கு அந்த ஆணையின் நடை நன்கு பழக்கமானதே.

முகங்களைப் பதியும் வேலை வேறு வழியில் வளர்ந்தது. 1851 இல் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் கண்ணாடித் தகட்டில் ஈர மருந்து பூசும் முறையைக் கண்டுபிடித்தபின், நிமிடங்கள் நொடிகளாகக் குறைந்தன. ஆனால் நம் நாட்டில் எளியவர் முகம் முதலில் பதியப்பெற்றது அவர்தம் விருப்பத்தால் அன்று, ஆள்பவர் தேவையால். நீலகிரியின் ஆணையராக இருந்த பிரீக்ஸ் என்பார் தோடர், கோத்தர், குறும்பர், இருளர் ஆகியோரைப் பற்றி எழுதிய நூல் 1873 இல், அவர் இறந்தபின் வெளிவந்தது. அதில் அம்மக்களின் ஒளிப்படங்கள் உள்ளன. பின்னர்ச் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவர் தர்ஸ்டன், ரங்காச்சாரியாரின் துணையுடன், 1909 இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி வெளியிட்டார். தலையின் நீளம், மூக்கின் அகலம் எல்லாம் அளவுகோல் கொண்டு அளக்கப்பட்டன. அப்படங்களின் கீழ்ச் சாதியின் பெயர் இருக்கும்; படத்திலிருப்பவரின் பெயர் பெரும்பாலும் இராது. நேரே நம்மை நோக்கும் அந்தக் கண்கள் யாருடையவை, அவர் யார் மகன், யார் கணவர் என்று கேட்டால் விடை இல்லை. எம் பாட்டியாருக்குப் பெயர் உண்டு, முகம் இல்லை. அவர்களுக்கு முகம் உண்டு, பெயர் இல்லை. இவ்விரண்டில் எது பெரிய இழப்பு என்று யாம் பலநாள் எண்ணியதுண்டு.

நம் சான்றோர் நிலையும் இத்தகையதே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876 இல் மறைந்தார். அப்போது சென்னையில் ஒளிப்படக் கலை இருபது ஆண்டுக்கும் மேல் பழகியிருந்தது. ஆயினும் அவருடைய ஒளிப்படம் ஒன்று நமக்கு வாய்க்கவில்லை. மாணவர் உ.வே. சாமிநாதையர் தம் சொற்களால் தீட்டிய தோற்றத்தைக் கொண்டே அவரை நாம் மனத்தில் காண்கின்றோம். அல்சூர் ஏரிக்கரையில் பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்து, 2009 ஆகஸ்டில் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலையை நாம் வணங்குகின்றோம். தமிழர் உள்ளத்தில் இன்று பதிந்துள்ள வள்ளுவர் திருமுகமோ ஓவியர் வேணுகோபால் சர்மா தம் தவத்தால் கண்டு தீட்டியது. அவ்வளவு பழங்காலத்துக்கு நாம் குறைப்பட்டுக்கொள்வதில்லை. காமிரா ஊரில் இருந்தும் ஒரு முகம் தவறிப்போயிற்றே என்பதுதான் நெஞ்சை அறுப்பது.

வடலூர் வள்ளலாரைப் பற்றி வழங்கும் செய்தியை அன்பர்கள் அறிவர். சென்னையிலிருந்து படம் எடுப்பவர் ஒருவரை அழைத்துவந்து எட்டு முறை முயன்றும், வெள்ளாடை மட்டும் பதிந்ததேயன்றித் திருமேனி பதியவில்லை என்பர். அருள்மேனிக்கு நிழல் ஏது என்று கொள்வார் அவ்வாறே கொள்க. யாம் மறுக்கப் புகவில்லை. அக்காலத் தகடுகளின் இயல்பை மட்டும் சொல்லிச் செல்கின்றோம். அவை நீல ஒளியை விரைந்து பற்றும். செம்மையையும் மஞ்சளையும் பற்ற மாட்டா. ஆகவே வெள்ளைத் துணி கணத்தில் பதியும்; மாநிற முகம் பிந்தும். பின்னர்ப் பச்சை ஒளியையும் பற்றும் தகடுகள் வந்தும் சிவப்பு மட்டும் இருளாகவே நின்றது. உங்கள் இல்லத்துப் பழைய படங்களில் பாட்டிமாரின் குங்குமம் கரும்பொட்டாக இருப்பதைக் கண்டிருப்பீர்கள். சாந்து அன்று அது, தகட்டின் குறை. மஞ்சள் பூசிய முகம் கறுத்து விழுந்ததற்கும் அதுவே காரணம். எங்கள் குடும்பத்தார் அனைவரும் அவ்வளவு கறுப்பா என்று எம் இளைய மகள் கேட்டதற்கு யாம் இதனை விளக்கவேண்டியதாயிற்று.

முகம் கறுத்து விழுவதால்தான் ஸ்டூடியோக்களில் பவுடர் அப்பும் வழக்கம் எழுந்தது. அதனினும் பெரிய வித்தை மறிபடத்தில் நடந்தது. கூரிய பென்சிலால் மறிபடத்தின் முகப்பகுதியில் நுண்ணிய புள்ளிகள் இட்டு நிரப்புவார்கள். அச்சில் அவ்விடம் வெளுக்கும். அம்மைத் தழும்பு மறையும். கண்ணுக்குக் கீழுள்ள குழி தூர்ந்துவிடும். இதற்கென்றே உருப்பெருக்காடியுடன் சன்னலோரம் அமர்ந்து கண் கெட்டவர்கள் பலர். முகத்தில் பாதிப் பங்கு காமிராவினது என்றால் பாதிப் பங்கு அப்பென்சிலினது.

1871 இல் மாடாக்ஸ் என்னும் மருத்துவர் உலர்ந்த தகட்டுக்கு வழி கண்டபின்தான் ஸ்டூடியோ ஒரு தொழிலாகப் பரவியது. கடையில் தகட்டை வாங்கி வைத்துக்கொண்டால் போதும். வடக்குப் பக்கம் கண்ணாடிக் கூரையிட்ட அறை, அரண்மனைத் தூண்களும் ஏரியும் எழுதிய திரை, வார்னிஷ் பூசிய நாற்காலி, ஒரு பூச்சாடி, கழுத்தின் பின்னே தலையை அசையாமல் பற்றும் இரும்புக் கவை. இவ்வளவே மூலதனம். 1864 இல் சோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்டுவரை இருப்புப்பாதை வந்தபின் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம்மவர் பலர் வேலைக்கு இங்கு வந்தனர். சாப்பர் படையில் சேர்ந்த தமிழர் பலர். ஊரைவிட்டு வந்தவனுக்கு ஊருக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும். போருக்குப் புறப்படுபவன் வீட்டில் விட்டுச்செல்லவும் ஒரு படம் வேண்டும். உடுப்பணிந்து, மார்பை விரித்து, எழுதிய திரையின் முன் நிற்கும் அத்தகைய படங்களை இன்றும் அல்சூர்ப் பக்கத்து வீடுகளில் காணலாம்.

இன்னொரு வகைப் படமும் உண்டு. அதனைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சி, வாழ்நாள் முழுதும் காமிராவின் முன் வராதவர்கள் இருந்தனர். அவர்கள் இறந்தபின், நாற்காலியில் சாய்த்து அமர்த்தி, மாலையிட்டு, இருமருங்கும் மக்கள் நின்று படம் எடுத்துக்கொண்டனர். பலருக்கு முதற்படமே கடைசிப் படமாயிற்று. பெரும்பெட்டிக் காமிராவுக்கு அது மிக எளிய வேலை. அந்தப் படங்களில் அசையாமல் தெளிவாக விழுந்தவர் ஒருவரே.

பாரதியார் படங்களும் பெரும்பெட்டியின் கொடையே. அவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. புதுச்சேரியில் செல்லம்மாவுடன் எடுத்துக்கொண்டது ஒன்று; 1919 இல் காரைக்குடி சென்றிருந்தபோது இந்து மதாபிமான சங்கத்தாருடன் எடுத்தது ஒன்று; சென்னையில் எடுத்தது ஒன்று. ரா. அ. பத்மநாபன் அரும்பாடுபட்டுத் தேடித் தொகுத்த ‘சித்திர பாரதி’ 1957 இல் வெளிவந்தது. காரைக்குடியிலிருந்த சங்கத்தார் அன்று ஒரு படக்காரரை அழைக்காதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று சங்கம் நடத்தும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆண்டு விழாச் செலவுக் கணக்கில் ‘போட்டோ’ என்று எழுதும்போதெல்லாம் செயற்குழுவில் எழும் முணுமுணுப்பை யாம் அறிவோம்.

கண்ணாடித் தகடு கனத்தது, உடைவது. 1913 இல் கோடக் கம்பெனியார் முகப்படங்களுக்கென்றே தாள்தாளாக வெட்டிய பிலிமை விற்பனைக்குக் கொணர்ந்தனர். தகட்டுக்கு மாறாகப் பிலிம், காமிரா அதேதான். நம் நாட்டில் தகடும் பிலிமும் பல்லாண்டு ஒருங்கே வழங்கின. வெளிநாட்டுச் சரக்கையே நம்பியிருந்த நிலை மாற, உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு ஆலை 1960 இல் நிறுவப்பெற்று, 1967 முதல் ‘இந்து’ என்னும் பெயரில் பிலிமும் தாளும் எக்ஸ்ரே பிலிமும் செய்து தந்தது. இந்து என்றால் திங்கள்; பொருத்தமான பெயர். எண்முறைக் காமிரா வந்தபின் அது நலிந்தது. 2014 இல் அரசு அதனை மூட முடிவு செய்தது.

இனி எம் முயற்சியைச் சொல்லவேண்டும். மூன்று ஆண்டுக்குமுன் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், ஓட்டைக் கடிகாரங்களுக்கும் கிராமபோன் குழலுக்கும் நடுவே, தேக்கு மரத்தாலான ஹாஃப்-பிளேட் காமிரா ஒன்று கிடந்தது. துருத்தி பல இடங்களில் கிழிந்திருந்தது. பித்தளைத் திருகுகளில் பச்சை பூத்திருந்தது. வில்லை மட்டும் குற்றமற்றது. நம் சங்க அன்பர் இருவரும் யாமும் பங்கிட்டு அதனை வாங்கினோம். விலையைச் சொன்னால் எம் இல்லத்தார் இம்மலரைப் படிக்கக்கூடும் என்பதால் விடுத்தோம். கறுப்புத் துணியும் பசையும் கொண்டு துருத்தியைச் செப்பனிட்டோம்.

அதன் வேலை எளியது, செய்வதுதான் கடினம். முன்னே வில்லை, பின்னே மங்கற் கண்ணாடி, இடையே துருத்தி. கறுப்புத் துணியைத் தலைமேல் போர்த்துக்கொண்டு பார்த்தால், எதிரிலிருப்பவர் தலைகீழாக, இடவலம் மாறி, வண்ணத்தோடு தெரிவார். துருத்தியை நீட்டியும் குறுக்கியும் கண்ணிமையின் மயிர் தெளியும்வரை நிறுத்தவேண்டும். கண் தெளிந்தால் காது மங்கும். அவ்வளவு மெல்லிய எல்லை அது. பிறகு கண்ணாடியை விலக்கிப் பிலிம் வைத்த சட்டத்தைச் செருகவேண்டும். அந்தக் கணம் முதல் படம் எடுப்பவன் குருடன். எதிரிலிருப்பவர் ஓர் அங்குலம் முன்னே சாய்ந்தாலும் அவனுக்குத் தெரியாது. பழைய படங்களில் எவரும் சிரிக்காததன் காரணம் அவர்கள் கடுமையானவர்கள் என்பதன்று. தெளிந்த இடத்தைவிட்டு நகராதே என்ற கட்டளையைத் தாங்கிநிற்கும் முகங்கள் அவை.

தாள் பிலிம் வெளிநாட்டிலிருந்து வருகின்றது. எங்கள் சம்பளத்துக்கு அது ஒவ்வாது. ஆகவே மருத்துவப் பொருள் விற்கும் கடையில் எக்ஸ்ரே பிலிம் வாங்கி, செவ்விளக்கு வெளிச்சத்தில் வெட்டிக்கொண்டோம். அதுவும் சிவப்பைக் காணாத பிலிமே. பழைய தகடுகளின் உறவு. இருபுறமும் மருந்து பூசியது, நகம் பட்டாலே கீறும்.

முதற்படத்தில் ஒன்றுமே விழவில்லை. சட்டத்தின் மூடியை இழுக்க மறந்தோம். இரண்டாவதில் நம் செயலாளர் முகத்தின்மேல் குழாயடியும் இரண்டு குடங்களும் விழுந்திருந்தன. ஒரே பிலிமில் இருமுறை எடுத்திருந்தோம். மூன்றாவது முழுக் கறுப்பு. துருத்தியில் இன்னும் ஓர் ஓட்டை. நாலாவதில்தான் ஒரு முகம் வந்தது. மருந்துத் தட்டில், செவ்வொளியில், முதலில் வெண்சட்டை கறுத்தது, பின் நெற்றி, கடைசியாக மெல்ல மெல்லக் கண்கள். நால்வர் பேசாமல் குனிந்து நின்றோம்.

எம் வில்லைக்குக் கதவு இல்லை. மூடியைக் கையால் எடுத்துத் திரும்ப மூடவேண்டும். தாழ்வாரத்து வெளிச்சத்துக்கு ஒரு நொடி தேவை. நொடியை எண்ண யாம் கண்ட வழி, ‘சோலார்பேட்டை’ என்று நிதானமாக ஒருமுறை மனத்துக்குள் சொல்வது. அறிவிப்பாளர் சொல்லும் வேகத்தில் சொன்னால் சரியாக ஒரு நொடி. இரயில்வேக்காரனுக்கு அதுவே கைக்கடிகாரம்.

சென்ற தைத்திங்களில் எம் தந்தையாரை அமர்த்தினோம். அவருக்கு இதில் விருப்பமில்லை. “கைப்பேசியில் நூறு படம் எடுத்து வைத்திருக்கிறாயே, இது எதற்கு?” என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, சலவை வேட்டி கட்டிக்கொண்டு, நெற்றியில் திருநீறு பூசி வந்து அமர்ந்தார். அவர் தலை இலேசாக ஆடும், முதுமையின் நடுக்கம். பழைய ஸ்டூடியோக்காரர் இரும்புக் கவையை எதற்கு வைத்திருந்தார் என்று அப்போது விளங்கிற்று. கவை எம்மிடம் இல்லை. சுவரோடு நாற்காலியை நெருக்கிப் போட்டு, தலையின் பின்னே எம் துணைவியார் மடித்த துண்டு ஒன்றை வைத்தார்.

மூடியை எடுக்குமுன், “அப்பா, அசையாதீர்கள்” என்றோம். அவர் சுவரில் தொங்கும் படத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு வில்லையைப் பார்த்தார். சோலார்பேட்டை என்று மனத்துக்குள் சொல்லி மூடினோம். “அவ்வளவுதானா?” என்றார். அவ்வளவுதான் என்றோம். “அம்மா இந்த நேரம்கூட நிற்க முடியாமல் போனாளா?” என்று கேட்டுவிட்டு, உடனே தாமே, “பிள்ளை அழுதால் யார்தான் நிற்பார்கள்” என்றார்.

படம் நன்றாக வந்தது. இடக்கண் தெளிவு, வலக்காது மங்கல். திருநீறு வெள்ளை வெளேரென்று விழுந்திருக்கின்றது. பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு திருப்பத்தூரில் இருக்கும் எம் பெரிய அத்தையாரிடம் சென்றோம். தந்தையாருக்கு மூத்தவர், தொண்ணூறை நெருங்குபவர். தாயின் முகத்தை நன்கு கண்டவர்களில் எஞ்சியிருப்பவர் அவர் ஒருவரே. படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். புருவத்தை விரலால் தொட்டு, “இது அம்மாவுடையது” என்றார். மோவாயைத் தொட்டு, “இது அப்பாவுடையது. மூக்கு யாருடையதோ தெரியவில்லை” என்றார். படத்தைத் திருப்பித் தரவில்லை; தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். தந்தையாரிடம் இதனைச் சொன்னோம். அன்று மாலை அவர் கண்ணாடியின் முன் வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் நின்றதை எம் மகள் கண்டு வந்து சொன்னாள்.

இவ்வாண்டு விழா நாளில் அந்தக் காமிராவை நம் சங்கக் கூடத்தின் மேற்குத் தாழ்வாரத்தில் நிறுத்தச் செயற்குழு இசைந்துள்ளது. பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்து மணிவரை அங்கு நல்ல வெளிச்சம் இருக்கும். எழுபது வயது கடந்தவர்களை முதலில் அழைத்து வருக. அடர்சிவப்புப் புடவை கறுப்பாக விழும் என்பதை அம்மையாருக்கு முன்பே சொல்லிவிடுக. வருகையில் வீட்டிலுள்ள பழைய படங்களையும் கொணர்ந்தால், அவற்றிலிருப்போரின் பெயரும் ஊரும் உறவும் அறிந்தவர் இருக்கும்போதே எழுதிக்கொள்ள ஒரு பேரேடு வைத்துள்ளோம். பெயரைப் படத்தின் முகத்தில் மையால் எழுதாமல், பின்புறம் பென்சிலால் எழுதுக. அழும் குழந்தைகளை அந்த நொடிக்கு மட்டும் வேறொருவர் வாங்கிக்கொள்ளவேண்டும். வெட்டி வைத்துள்ள பிலிம்கள் இருபத்து நான்கு.